பயிற்சி நேரங்களை வைத்து அணித் தோழர்களை ஒப்பிடுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் கடை முன்னால் நின்றுகொண்டு, கைபேசியில் ஃபார்முலா 1 பயிற்சி ஓட்டத்தின் நேரப் பட்டியலை நீட்டி, "ஒரே அணி, ஒரே கார், 0.4 விநாடி வித்தியாசம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் அண்ணா?" என்று கேட்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். சாட்சி வேண்டும் தம்பி, நிறையவே வேண்டும். நல்லவேளையாக அதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. எங்கே கிடைக்கும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்குப் பல இரவுகளின் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

கார் பந்தயத்தில் இரண்டு ஓட்டுநர்களை ஓரளவு நியாயமாக ஒப்பிட முடிவது அவர்கள் ஒரே அணியில் இருக்கும்போது மட்டும்தான். அணிக்கு அணி கார் வேறு. ஒரே அணிக்குள் கார் ஏறக்குறைய ஒன்று. அந்த 'ஏறக்குறைய' என்பதற்குள் எரிபொருள், டயர், இஞ்சின் அமைப்பு, புதிய பாகம், தடத்தின் வெப்பம் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் ஓட்டுநரின் வேகம்.

1. கேள்வியை முதலில் எழுதி வையுங்கள்

"யார் வேகம்?" என்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. புதிய மென்மையான டயரில், குறைந்த எரிபொருளில், ஒரே ஒரு சுற்றில் யார் வேகம் என்பது ஒன்று. அது, பந்தயத்தில் யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்றுக்கு உதவும். பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் தொடர்ந்து ஓடும்போது டயரைக் காப்பாற்றி யார் வேகமாகப் போகிறார் என்பது இன்னொன்று. அது பந்தயத்துக்கு உதவும். இரண்டுக்கும் பயன்படும் சுற்றுகள் வேறு, கணக்கும் வேறு. தாளின் தலைப்பில் இரண்டில் ஒன்றை எழுதிவிட்டு உட்காருங்கள்.

2. என்ன தேவை, எவ்வளவு செலவு

ஒரு சாதாரண மடிக்கணினி போதும். கணக்குக்கு லிப்ரே ஆஃபீஸ் இலவசம். கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தால் பைத்தானும், ஃபாஸ்ட்எஃப்1 என்ற நிரல் தொகுப்பும் இலவசம். 2018 முதலான சுற்று நேரங்களும் காரின் வேகப் பதிவுகளும் அதில் கிடைக்கின்றன. 2023 முதலான தரவுக்கு ஓப்பன்எஃப்1 என்ற இன்னொரு வழியும் உண்டு.

நேரலைச் சந்தா பார்ப்பதற்கு இன்பம்தான். ஆனால் ஒப்பீட்டுக்கு அது கட்டாயம் இல்லை. சந்தா கட்டிவிட்டதாலேயே கணக்கு சரியாக வந்துவிடும் என்று எண்ணி யாரும் பணம் கட்ட வேண்டாம். "பயிற்சி ஓட்ட ரகசியப் பகுப்பாய்வு" என்று கைபேசிச் செயலிகளில் பணம் கேட்பவர்களிடம் போகவே போகாதீர்கள். அவர்கள் விற்பதும் இதே இலவசத் தரவுதான். பல நேரங்களில் அதைச் சுத்தம் செய்யாமலேயே விற்கிறார்கள்.

ஃபாஸ்ட்எஃப்1 பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இறக்கிய தரவைச் சேமித்து வைக்கும் கோப்புறையை முதல் வேலையாக அமைத்துவிடுங்கள். அமைக்காவிட்டால் நிரலை ஓட்டும் ஒவ்வொரு முறையும் முழுத் தரவும் மறுபடி இறங்கி அன்றைய இணைய அளவு காலியாகிவிடும். ஏற்காட்டில் இருப்பவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் ஒரே நேரத்தில் போனால், இறக்கி வைத்தது மட்டும்தான் கையில் இருக்கும்.

எனக்கு இன்னும் தாள்தான் வசதி. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, இரண்டு ஓட்டுநர்களின் சுற்று நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேனாவால் அடித்துக்கொண்டே போவேன். ஒரு வார இறுதிக்கு ஒரு டீ, இரண்டு வடைக்கான செலவுதான்.

3. ஆவணங்கள்: எதை, எந்த வரிசையில்

சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. ஒவ்வொரு பயிற்சிக்கும் பி.டி.எஃப். ஆவணங்களைத் தன் தளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. எல்லோரும் முதலில் திறப்பது தரவரிசைப் பட்டியலை. அதைக் கடைசியில் திறங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது சுற்று நேரங்கள் பட்டியல். ஒவ்வொரு ஓட்டுநரும் ஓட்டிய ஒவ்வொரு சுற்றும் அதில் இருக்கும். பிட்டுக்குள், அதாவது தடத்தை ஒட்டிய அணிப் பணிமனைக்குள், வந்த சுற்றில் 'பி' என்ற எழுத்து நிற்கும். அதை வைத்தே ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடலாம். அடுத்து, சிறந்த செக்டர் நேரங்கள் (சுற்றை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் ஒரு செக்டர்). அதற்கடுத்து அதிகபட்ச வேகங்கள். இந்த மூன்றாவதைப் பலர் தொடுவதே இல்லை. இஞ்சின் எந்த அளவில் ஓடியது என்று ஊகிக்க அதைவிட எளிய சான்று கிடையாது.

இவை தவிர, வெள்ளிக்கிழமையே வெளியாகும் வேறு இரண்டு ஆவணங்கள் உண்டு. அணிகள் எந்தப் புதிய பாகத்தைக் கொண்டு வந்திருக்கின்றன என்று அறிவிக்கும் ஆவணம் ஒன்று. 2022 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. எந்தக் காரில் புதிய இஞ்சின் பாகங்கள் பொருத்தப்பட்டன என்பது இன்னொன்று. புதிய அடித்தளப் பலகை ஒரு காரில் மட்டும் இருந்தால் அந்த வாரம் ஒப்பீடே வேண்டாம். ஆவணம் அணியின் பெயரில் இருக்கும், எந்தக் காரில் பொருத்தினார்கள் என்பதை அணியின் பேட்டிகளிலும் படங்களிலும் தேட வேண்டியிருக்கும்.

இங்கேதான் புதியவர்கள் முட்டி நிற்கிறார்கள்: எஃப்.ஐ.ஏ.வின் இந்த நேர ஆவணங்கள் எதிலும் டயர் விவரம் இல்லை. எந்தச் சுற்று எந்த டயரில் ஓடியது என்று அதில் தேடித் தேடி இரவு போய்விடும். டயர் விவரம் நேரலை நேரத் தரவிலும், அதிலிருந்து எடுக்கும் ஃபாஸ்ட்எஃப்1 போன்றவற்றிலும்தான் உண்டு.

4. நம் ஊர்க் கடிகாரத்துக்கு எப்போது

வழக்கமான ஐரோப்பியப் பந்தயத்தில் வெள்ளிக்கிழமை முதல் பயிற்சி நமக்கு மாலை 5 மணி, இரண்டாவது இரவு 8.30. சனிக்கிழமை மூன்றாவது மாலை 4 மணி, தகுதிச் சுற்று 7.30. ஒவ்வொரு பயிற்சியும் 60 நிமிடம். ஜப்பானின் சுசுகாவும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னும் காலையிலேயே வந்துவிடும். அமெரிக்கப் பந்தயங்களுக்கு இரவு முழுவதும் விழிக்க வேண்டாம். காலையில் எழுந்து ஆவணங்களை இறக்கிக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயமும் நடக்கும் வார இறுதியில் பயிற்சி ஒன்றே ஒன்றுதான். அந்த 60 நிமிடத்துக்குள் அணிகள் எல்லாவற்றையும் திணிப்பதால் ஒப்பிடத் தகுந்த சுற்றுகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் தேறும். 2023 லாஸ் வேகாஸ் அதைவிட மோசம். தடத்தில் இருந்த மூடி ஒன்று பெயர்ந்து ஓட்டுநர் சைன்ஸின் ஃபெராரி காரைக் கிழித்ததால் முதல் பயிற்சி சில நிமிடங்களிலேயே முடிந்தது. இரண்டாவது பயிற்சி அங்கே பின்னிரவு 2.30-க்கு, 90 நிமிடமாக நடந்தது. தடத்தின் குளிரும் வழக்கத்துக்கு மாறானது. இப்படிப்பட்ட வாரங்களை மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிடுங்கள்.

தரவை இறக்கிய பிறகு ஒரு அணிக்கு, ஒரு பயிற்சிக்கு, பழகியவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

5. கழிக்க வேண்டிய சுற்றுகள்

பட்டியலில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் குப்பை. பிட்டிலிருந்து வெளியே வரும் சுற்று, உள்ளே போகும் சுற்று, இரண்டு வேகச் சுற்றுகளுக்கு நடுவே டயரையும் பேட்டரியையும் ஆறவிடும் மெதுவான சுற்று, மஞ்சள் கொடி (ஆபத்து எச்சரிக்கை), சிவப்புக் கொடி (ஓட்டம் நிறுத்தம்), தட எல்லையைத் தாண்டியதற்காக நீக்கப்பட்ட நேரம் ஆகிய எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள்.

ஃபாஸ்ட்எஃப்1-இல் வேகமான சுற்றுகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஒரு கட்டளை உண்டு. அதன் இயல்பு அளவு 107 சதவீதம். 90 விநாடிச் சுற்றில் இது 6.3 விநாடி தாராளம்! அதை அப்படியே நம்பினால் முன்னால் போகும் காருக்கு வழிவிட்டு ஊர்ந்த சுற்றும் உங்கள் சராசரிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீண்ட ஓட்டத்துக்கு 103 சதவீதம் வைத்துப் பாருங்கள். ஒற்றைச் சுற்று ஒப்பீட்டுக்கு எந்தத் தானியங்கி வடிகட்டியும் வேண்டாம், கண்ணால் பாருங்கள்.

நெரிசலைக் கண்டுபிடிப்பதற்குச் செக்டர் நேரங்கள் போதும். முதல் இரண்டு செக்டரில் இருவரும் சமமாக வந்து மூன்றாவதில் மட்டும் ஒருவர் 0.6 விநாடி இழந்திருந்தால், அது வேகக் குறைவு அல்ல. முன்னால் ஒரு கார் இருந்திருக்கும், அல்லது சறுக்கியிருப்பார். வேகமான ஓட்டுநர் என்பவர் எல்லா வளைவுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நேரம் சேர்ப்பார். மொத்த வித்தியாசமும் ஒரே இடத்தில் விழுந்தால் சந்தேகப்படுங்கள்.

எத்தனை சுற்று ஓட்டினார் என்ற எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். 2025-இல் ரெட்புல் அணியில் வெர்ஸ்டாப்பனுக்குத் தோழராக வந்த லியாம் லாசன் இரண்டே பந்தயங்களில் மாற்றப்பட்டார். அந்த இரண்டில் மெல்போர்னில் இஞ்சின் கோளாறால் மூன்றாம் பயிற்சியை இழந்தார். ஷாங்காய் ஸ்பிரிண்ட் வாரம், ஆகவே பயிற்சி ஒன்றுதான். இரண்டுமே அவர் அதற்கு முன் ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டாத தடங்கள். வெர்ஸ்டாப்பனைவிட அவர் மெதுவாக இருந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எவ்வளவு மெதுவு என்று அந்த இரண்டு வாரங்களை வைத்து எண்ணால் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

6. டயரைச் சமன் செய்யுங்கள்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசை வைப்பதற்கு முன் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார்களே, இந்தப் படி அதற்குச் சமம். இதைத் தவிர்த்துவிட்டு அதற்குமேல் எவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போட்டாலும் பயனில்லை.

பைரெல்லி 2011 முதல் எல்லா அணிகளுக்கும் டயர் தருகிறது. அதன் உலர் தட வரிசையில் சி1 மிகக் கடினம், எண் கூடக் கூட மென்மை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதிலிருந்து மூன்றைத் தேர்ந்து, கடினம் வெள்ளை, நடுத்தரம் மஞ்சள், மென்மை சிவப்பு என்று கோடு போடுகிறார்கள். ஆகவே ஒரு வாரத்தின் 'சிவப்பு' அடுத்த வாரத்தின் 'மஞ்சளாக' இருக்கலாம். வாரம் விட்டு வாரம் ஒப்பிடும்போது நிறத்தை எழுதாதீர்கள், சி எண்ணை எழுதுங்கள்.

சமீப ஆண்டுகளின் வழக்கமான வார இறுதியில் ஒரு ஓட்டுநருக்கு 13 உலர் செட்: 2 கடினம், 3 நடுத்தரம், 8 மென்மை. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் இரண்டு செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டால்தான் ஒரே அணிக்குள்ளேயே திட்டம் பிரிகிறது. பந்தயத்துக்கு எந்தக் கலவை (டயர் ரப்பரின் வகை) உகந்தது என்று தெரிந்துகொள்ள ஒருவரைக் கடினத்திலும் மற்றவரை நடுத்தரத்திலும் நீண்ட ஓட்டத்துக்கு அனுப்புவார்கள். அணிக்கு அது கெட்டிக்காரத்தனம். நமக்கு அந்த ஓட்டம் பயனற்றது.

ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு விவரங்களைப் பக்கத்தில் எழுதுங்கள். கலவை என்ன? புதிய செட்டா, முன்பு ஓடியதா? அந்த டயரில் இது எத்தனையாவது சுற்று? ஓட்டிய கடிகார நேரம் என்ன? நான்காவதை யாரும் எழுதுவதில்லை. தடத்தில் ரப்பர் படியப் படிய வேகம் கூடும். பாகு, சிங்கப்பூர், லாஸ் வேகாஸ் போன்ற தெருத் தடங்களில் இது இன்னும் அதிகம். இருவரின் சிறந்த சுற்றுகளுக்கும் இடையே பத்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நான் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிடுவேன். நடுவில் சிவப்புக் கொடி வந்து, ஒருவர் அதற்கு முன்பும் மற்றவர் பின்பும் ஓட்டியிருந்தால் அந்தச் சோடியையே நீக்கிவிடுவேன்.

டயர்த் தரவும் வேதவாக்கு அல்ல. பயிற்சியின்போது கலவை தாமதமாகவோ தவறாகவோ பதிவாவது உண்டு. மென்மை டயரில் 1.5 விநாடி கூடுதலாக ஓடியதாகத் தரவு சொன்னால், அந்த நிமிடத்தின் படத்தைத் தேடி டயரின் பக்கவாட்டு நிறத்தைப் பாருங்கள். முன்சீசன் சோதனையில் பல சுற்றுகளுக்குக் கலவை 'தெரியாது' என்றே வரும்.

7. ஒற்றைச் சுற்று ஒப்பீடு

மேலே உள்ள சல்லடையில் தப்பித்த சுற்றுகளில் இருவருக்கும் ஒரே கலவையின் புதிய டயரில் ஓடிய முதல் வேகச் சுற்றை எடுங்கள். பெரும்பாலும் இரண்டாம் பயிற்சியின் நடுப்பகுதியிலும், மூன்றாம் பயிற்சியின் பின்பாதியிலும் கிடைக்கும்.

செக்டர்களில் ஒவ்வொன்றிலும் சிறந்ததை எடுத்துக் கூட்டி 'இலட்சியச் சுற்று' என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் செக்டரில் டயரைப் பிழிந்து எடுத்தவருக்குக் கடைசி செக்டரில் டயர் சூடாகி வழுக்கும். இரண்டிலும் சிறந்தது ஒரே சுற்றில் கிடைக்காது. அந்தக் கூட்டல் யாராலும் ஓட்ட முடியாத நேரம்.

அடுத்து வேகப் பதிவை விரித்து, நேர்ச்சாலைகளை மட்டும் பாருங்கள். வளைவைப் பார்க்க ஆசையாக இருக்கும், பொறுங்கள். மெதுவான வளைவிலிருந்து வெளியேறியதும் ஒரு கார் வேகம் எடுக்கத் திணறி, நேர்ச்சாலை முடிவில் ஏறக்குறையச் சமமாகிவிட்டால், அதில் எடை அதிகம், அதாவது எரிபொருள் அதிகம் என்று ஊகிக்கலாம். தொடக்கத்தில் சமமாக இருந்து, வேகம் கூடக் கூட முடிவில் பின்தங்கினால் பின்னிறக்கை பெரிதாக இருக்கலாம். முழு நீளத்திலும் சீராகப் பின்தங்கினால் இஞ்சினைக் குறைத்து ஓட்டியிருக்கிறார்கள். தகுதிச் சுற்றிலும் பந்தயத்திலும் ஒரே இஞ்சின் நிலையில் ஓட்ட வேண்டும் என்று 2020-இல் வந்த விதி பயிற்சியைக் கட்டுப்படுத்தாது. ஆகவே வெள்ளிக்கிழமை ஒரே அணியின் இரண்டு கார்களும் வெவ்வேறு அளவில் ஓடுவது சாதாரணம். 2025 வரையிலான தரவில் டி.ஆர்.எஸ். (நேர்ச்சாலையில் வேகம் கூட்டப் பின்னிறக்கையில் திறக்கும் மடல்) திறந்திருந்ததா என்பதையும், மோன்சா போன்ற தடத்தில் முன்னால் போன காரின் காற்று மறைவு கிடைத்ததா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நேர்ச்சாலையில் இருவரும் சமம் என்று உறுதியான பிறகு வளைவுகளுக்கு வாருங்கள். வளைவின் நடுவில் குறைந்தபட்ச வேகம், ஆக்ஸிலரேட்டரை மீண்டும் முழுதாக மிதிக்கும் இடம் இந்த இரண்டும்தான் ஓட்டுநரைப் பற்றிப் பேசும். பிரேக்கைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். பொதுவில் கிடைக்கும் தரவில் பிரேக் அழுத்தப்பட்டதா இல்லையா என்பது மட்டும்தான் உண்டு, எவ்வளவு அழுத்தினார் என்பது இல்லை.

ஓட்டுநரின் உடல் எடையைக் காரணம் காட்டுகிறவர்களும் உண்டு. அந்த வாதத்தை விட்டுவிடலாம். ஓட்டுநருக்கும் இருக்கைக்கும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை 2019 முதல் விதியில் இருக்கிறது. தொடக்கத்தில் 80 கிலோ, 2025-இல் 82 கிலோ. ஒல்லியானவருக்கு ஈடாக எடை சேர்க்கிறார்கள்.

8. நீண்ட ஓட்டம்: உயரத்தை விடுங்கள், சாய்வைப் பிடியுங்கள்

இரண்டாம் பயிற்சியின் கடைசி இருபது நிமிடங்களில் இது நடக்கும். சராசரித் தடத்தில் 10 கிலோ எரிபொருள் சுற்றுக்குச் சுமார் 0.3 விநாடியை விழுங்கும். அணி எத்தனை கிலோ ஊற்றியது என்று வெளியே சொல்லாது. ஒருவர் மற்றவரைவிடச் சுற்றுக்கு 0.3 விநாடி மெதுவாக ஓடினால், அவர் மெதுவாகவும் இருக்கலாம், 10 கிலோ கூடுதலாகச் சுமந்தும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

ஆனால் ஓட்டம் நீள நீள நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதை, அதாவது சாய்வை, பார்க்கலாம். கற்பனைக் கணக்கு ஒன்று. பஹ்ரைன் பந்தயம் 57 சுற்று. 2025 வரை பந்தய எரிபொருளின் உச்ச அளவு 110 கிலோ. சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 கிலோ எரியும் என்று வைத்தால், கார் இலேசாவதால் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் 0.06 விநாடி மிச்சமாக வேண்டும். முதல் ஓட்டுநர் 1:36.4-இல் தொடங்கிப் பத்தாவது சுற்றில் 1:36.9. ஒன்பது படியில் 0.5 கூடியிருக்கிறது, படிக்கு 0.056. அதோடு எரிபொருள் மறைத்த 0.06-ஐச் சேர்த்தால் டயர் தேய்மானம் சுற்றுக்குச் சுமார் 0.115. இரண்டாமவர் 1:36.7-இல் தொடங்கி 1:36.9-இல் முடிக்கிறார். படிக்கு 0.022, எரிபொருளைச் சேர்த்தால் 0.08 சொச்சம்.

பட்டியலை மட்டும் பார்ப்பவர் முதல் ஓட்டுநர்தான் வேகம் என்பார். சாய்வைப் பார்ப்பவருக்கு, இரண்டாமவரின் டயர் நிதானமாகத் தேய்கிறது என்று தெரியும். 'தொடக்கத்தில் 0.3 விநாடியை விட்டுக்கொடுத்து டயரைக் காத்தாரா, எரிபொருள் அதிகமா?' என்று அடுத்த கேள்வியையும் கேட்பார். எட்டுச் சுற்றுக்குக் குறைவான ஓட்டத்தில் சாய்வு எடுக்காதீர்கள். சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுங்கள், ஒரே ஒரு நெரிசல் சுற்று சராசரியைக் கவிழ்த்துவிடும்.

9. சோதனை ஓட்டங்கள்: மூன்று வகை, மூன்று பொறி

முதல் வகை, முன்சீசன் சோதனை. 2025-இல் இது பஹ்ரைனில் பிப்ரவரி 26 முதல் 28 வரை நடந்தது. அணிக்கு ஒரே கார்தான். தோழர்கள் காலை ஒருவர், பிற்பகல் ஒருவர் என்று பகிர்ந்துகொள்கிறார்கள். பகல் வெயிலில் ஓடியவரையும் இரவு விளக்கொளியில் குளிர்ந்த தடத்தில் ஓடியவரையும் ஒப்பிடுவது வீண் வேலை. முதல் நாள் பிற்பகல் அங்கே மின்சாரமே போய் ஓட்டம் நின்றது. நம் ஊர் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை இனி யாரும் குறை சொல்லக் கூடாது! ஒரே ஒரு வழி உண்டு. முதல் நாள் காலை ஓட்டியவர் அடுத்த நாள் பிற்பகல் ஓட்டினால், ஒரே மணி நேரத்தில், ஒரே கலவையில் இருவரும் ஓடிய சுற்றுகளைத் தேடிப் பிடிக்கலாம். அதிலும் எரிபொருள் தெரியாது.

இரண்டாவது, வார இறுதிக்குள் நுழையும் பைரெல்லி சோதனை. 2024 மெக்சிகோவில் இரண்டாம் பயிற்சியை 90 நிமிடமாக்கி அடுத்த ஆண்டுக்கான டயரைச் சோதித்தார்கள். எந்த டயர் என்று ஓட்டுநருக்கே சொல்ல மாட்டார்கள். எரிபொருளும் ஓட்டத் திட்டமும் பைரெல்லி சொன்னபடி. அன்று முதல் பயிற்சியில் ஐந்து அணிகள் ஒரு காரைப் புதுமுகங்களுக்குக் கொடுத்தன. மெக்லாரனில் நோரிஸின் காரை ஓட்டியவர் பாட்டோ ஓ'வார்ட். இப்படி முதல் பயிற்சியை இழந்தவர்களுக்கு இரண்டாவதில் வழக்கமான டயரில் தனியாக ஓடச் சிறிது நேரம் கிடைத்தது. ஆக, அந்த வெள்ளிக்கிழமையில் நோரிஸையும் அவருடைய அணித் தோழர் பியாஸ்ட்ரியையும் ஒப்பிட ஒரு சுற்றும் தேறாது. சனிக்கிழமை மூன்றாம் பயிற்சியில் பியாஸ்ட்ரி முதலிடம், நோரிஸ் இரண்டாமிடம். சில மணி நேரத்தில் தகுதிச் சுற்றின் முதல் கட்டத்திலேயே பியாஸ்ட்ரி வெளியேறிப் பதினேழாவது ஆனார், நோரிஸ் மூன்றாவது. தட்டுவடைக் கடைத் தீர்ப்புகளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

புதுமுக விதியையும் நினைவில் வையுங்கள். 2022-இல் அணிக்கு ஆண்டுக்கு இரண்டு முதல் பயிற்சிகள் என்று தொடங்கி, 2025-இல் நான்காக உயர்ந்தது. காருக்கு இரண்டு. அந்த வாரங்களில் வழக்கமான ஓட்டுநர் ஒருவர் 60 நிமிடம் பின்தங்கியே தொடங்குகிறார்.

மூன்றாவது, பழைய கார்களில் நடக்கும் தனிச் சோதனைகள். அதிகாரபூர்வ நேரம் வெளிவராது. 'அணிக்குள்ளிருந்து கசிந்தது' என்று வரும் எண்களைப் படித்துவிட்டு மூடிவிடுங்கள்.

10. வாரங்களைச் சேர்க்கும்போது

விநாடியைக் கூட்டாதீர்கள், சதவீதமாக்குங்கள். ஆஸ்திரியாவில் 65 விநாடிச் சுற்றில் 0.2 என்பது 0.31 சதவீதம். பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் 105 விநாடிச் சுற்றில் அதே 0.2 என்பது 0.19 சதவீதம்தான். தேறிய வாரங்களின் சதவீதங்களை வரிசையாக எழுதி நடு எண்ணை எடுங்கள். பக்கத்தில் தகுதிச் சுற்று வித்தியாசத்தையும் எழுதுங்கள். இருவரும் ஒரே கட்டத்தில் ஓட்டிய நேரத்தை மட்டும். பயிற்சி ஒரு பக்கமும் தகுதிச் சுற்று எதிர்ப்பக்கமும் காட்டினால், பயிற்சிக் கணக்கில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் இஞ்சின் அளவு.

பாதி வாரங்களுக்கு 'சொல்ல முடியாது' என்று எழுத வேண்டிவரும். அதை எழுதக் கூச்சப்படாதீர்கள். எல்லா வாரத்துக்கும் விடை வைத்திருப்பவரின் தாளைத்தான் நான் சந்தேகிப்பேன்.

11. நாமே ஓட்டிப் பார்க்க விரும்பினால்

இதைப் படித்துவிட்டு இரண்டு நண்பர்கள் ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் நேரம் பார்க்கக் கிளம்பக் கூடாது. எதிரே பஸ் வரும், மூடுபனி வரும், அந்தப் பாதை ஊர் மக்களுடையது. தடத்துக்குப் போங்கள். சேலத்திலிருந்து மூன்று மணி நேரத்தில் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சுமார் 2.1 கிலோமீட்டர் தடம். 3.7 கிலோமீட்டர் தடம் வேண்டுமென்றால் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை வரை போக வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டிலும் தடம் திறந்திருக்கும் நாளையும் அன்றைய கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். பந்தய நாட்களிலும் தனியார் முன்பதிவு நாட்களிலும் வாசலோடு திரும்ப வேண்டிவரும். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவுச் சான்று, காப்பீடு மூன்றின் நகலையும் கையில் வையுங்கள். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அவரிடம் ஒப்புதல் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். பந்தயத் தட ஓட்டத்துக்குச் சாதாரண வாகனக் காப்பீடு பொருந்தாது என்று நினைத்தே செலவைத் திட்டமிடுங்கள்.

தடத்தில் ஒருவர் ஓட்டி முடித்து மற்றவர் ஓட்டினால் போதாது. முதலாமவர் மறுபடி ஓட்ட வேண்டும். முதலாமவரின் இரண்டு ஓட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைய தடமும் டயரும் மாறிய அளவு. தோழருடனான வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் பேசலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் நான்கு டயரின் காற்றழுத்தத்தையும் அதே அளவுமானியால் எடுத்து எழுதுங்கள். பெட்ரோலை ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்துக்கு நிரப்புங்கள். தடத்தில் பங்க் இல்லாமல் போகலாம், ஆகவே விதிப்படி அனுமதித்த கேனில் கையோடு கொண்டுபோவதற்கும் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள்.